மூன்றடுக்கு கேக்கும் இருவர் படகும்

— …சவேரியார் மேல ஆணையா சொல்றேன் சோனியா, இதுல ஒரு வார்த்தை பொய்யின்னாலும், வர்ற ஞாயித்துக்கிழமை பூசையில பைபிள் வாசகம் வாசிக்கும்போது என் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கட்டும்.

— கப்பன் பார்க்குல புலி உங்ககிட்ட வழி கேட்ட கதைக்கும் இதே சத்தியம்தான் மாமா பண்ணீங்க. அந்த ஞாயித்துக்கிழமை கணீர்னுதானே வாசிச்சீங்க.

— அதுலேர்ந்தே தெரியலையா, புலி உண்மைன்னு?

— பைப்பைக் கொஞ்சம் கீழ பிடிங்க. தண்ணியெல்லாம் என் மேல. கழுவ வேண்டியது போட்டை, என்னை இல்ல.

— ரெண்டும் ஒரே செலவுல ஆகட்டும். ஏம்மா, விக்கப் போற போட்டை என்னாத்துக்கு இந்தத் தேய் தேய்க்கிறே? வாங்குறவன் கழுவிக்கட்டுமே.

— பாவம் மாமா அந்த உமேஷ். ஹொஸ்கோட்டேலேர்ந்து டெம்போ பிடிச்சிட்டு வர்றாரு. அழுக்கா குடுக்க முடியுமா?

— ஆளு எப்படி? நல்ல மாதிரியா?

— யாருக்குத் தெரியும். செவ்வாக்கிழமை காலையில விளம்பரம் போட்டிருக்கேன்னு உங்ககிட்ட சொன்னேனில்ல, அன்னிக்கு சாயங்காலமே ஃபோன் வந்துருச்சு. 'நமஸ்கார மேடம், நானு உமேஷ்'னு. குரல்தான் கொஞ்சம் கம்மியிருந்துச்சு.

— சளியா இருக்கும். சீசன் சரியில்ல.

— இருக்கும். அமல் ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள இது வீட்டை விட்டுப் போயிடணும் மாமா. அவரு பாத்தா விடமாட்டாரு. சனிக்கிழமை மல்பே போறோம், பழையபடி நான் முன் சீட்டு நீ பின் சீட்டுன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. தோள்பட்டை சரியாயிடுச்சு, கடல்ல இறங்கலாம்னு டாக்டர்கிட்ட எழுதியே வாங்கிட்டாரு.

— என்கிட்ட சொல்லவேயில்லையே அந்தப் பய.

— உங்ககிட்ட சொன்னா ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கத் தெரிஞ்சிடும்.

— அதுவும் சரி. … பாரேன், இந்தத் தெருவுல எல்லார் வீட்டு போர்ட்டிகோவுலயும் கார் நிக்குது. நம்ம வீட்டுல மட்டும்தான் இவ்ளோ நீளத்துக்கு மஞ்சளா, மீன் மாதிரி ஒண்ணு படுத்திருக்கு. போஸ்ட்மேன் நாணு தினம் கேட்டைத் திறந்ததும், 'சார், கடல் வந்துருச்சா'ன்னு கேக்கறான். இனிமே என்னத்தைக் கேப்பான்?

— கார் எப்ப வாங்கப் போறீங்கன்னு கேப்பாரு.

— உங்க அத்தைகிட்ட சொன்னியா? இந்தக் கயாக் படகு மேலதான் அவ பெட்ஷீட் காயப்போடறா.

— அத்தை கோயில்ல கொயர் பிராக்டீஸ். வந்ததும் சொல்லிக்கலாம்.

— நேரம் பாத்துத்தான் கோட்டையைப் பிடிக்கிறே.

— பேச்சை மாத்தாதீங்க. கேக் கதைக்கு வாங்க. இந்தப் பக்கம் இன்னும் உப்பு போகலை, தேய்க்கிற வரைக்கும் கேக்கறேன்.

— ஆங். உனக்குத் தெரியாது, உன் மாமனார் கல்யாணத்துக்கு முன்னால கன்டோன்மென்ட்ல ஒரு பேக்கரியில மாஸ்டர்.

— கரண்ட் ஆபீஸ்ல மீட்டர் பாத்தீங்கன்னு அத்தை சொன்னாங்க.

— அதெல்லாம் அப்புறம். கேளு. அந்நாட்களில் பெர்னார்ட் என்று ஒரு வாலிபன் இருந்தான்…

— ஏன் மாமா வாசகம் வாசிக்கிற மாதிரி?

— உண்மைக் கதையை அப்படித்தான் சொல்லணும். பேசற மாதிரி சொன்னா கப்சா மாதிரி தெரியும்.

— பெர்னார்ட்னா நீங்கதானே. 'நான்'னு சொல்லுங்க.

— 'நான்'னா பெருமை அடிக்கிற மாதிரி ஆயிடும்மா. அவன் வேற, நான் வேற. அவனுக்கு இடுப்பு இருந்துச்சு.

— சரி, சொல்லுங்க.

— பெர்னார்டின் கையால் செய்த கேக்கை ஒருமுறை உண்டவர்கள் அதன்பின் வேறு கேக்கைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் புகழ் மலை இறங்கிக் கடலை அடைந்தது. அங்கே மல்பேக்கு நேர் எதிரே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலில் கேப்டனின் ஒரே மகளுக்குத் திருமணம். பெர்னார்ட் செய்த மூன்றடுக்கு கேக் வராவிட்டால் மோதிரம் மாற்றமாட்டேன் என்று மணப்பெண் மேல்தளத்தில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தாள்.

— கல்யாணப் பொண்ணு.

— கேப்டன் பொண்ணுன்னா சும்மாவா. பெர்னார்ட் கேக்கோடு பஸ் ஏறினான். கேக்குக்கும் தனியாக ஒரு டிக்கெட் எடுத்தான். ஜன்னலோரம்.

— கண்டக்டர் ஒண்ணும் சொல்லலையா?

— சீனியர் சிட்டிசனான்னு கேட்டான். அது மழைக்காலம். மல்பேயில் மீன்பிடிப் படகுகள் எல்லாம் கரையேறிப் படுத்துவிட்டன. ஊரில் இருந்தது ஒரே ஒரு கயாக். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஊர் திரும்பும்போது கோயில் கொட்டகையில் விட்டுப் போனது. இருவர் உட்காருவது, இதோ இதைப் போலவே. முன் குழியில் கேக் அமர்ந்தது. பின் குழியில் பெர்னார்ட் அமர்ந்தான். தண்ணீர் உள்ளே போகாதபடி இருவருக்கும் இடுப்பைச் சுற்றிப் பாவாடை கட்டினார்கள்.

— கேக்குக்குமா?

— கேக்குக்குத்தான் முதல்ல. நடு அடுக்கு கிட்ட இடுப்பு நல்லா அமைஞ்சிருந்தது. ஹெல்மெட் ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் கேக்குக்கே போட்டான்.

— அது பாவாடை இல்ல மாமா, ஸ்ப்ரே ஸ்கர்ட். அதுல முன்னால துணியில ஒரு வளையம் இருக்குமே, அது வெளிய இருந்துச்சா?

— உள்ள சொருகிட்டாங்க. பாக்க அழகா இருக்கட்டும்னு.

— போச்சு. கவுந்தா அந்த வளையத்தைப் பிடிச்சு இழுத்தாத்தான் ஸ்கர்ட் கழண்டு வெளிய வர முடியும். தலைகீழா தண்ணிக்குள்ள தொங்கிட்டு உள்ள சொருகினதை எங்கன்னு தேடறது? கிளம்பறதுக்கு முன்னால கடைசியா கையால தொட்டுப் பாக்கறதே அதைத்தான்.

— ஓ… சரி. பெர்னார்ட் வளையத்தை வெளியே எடுத்து விட்டான். கேக்கின் வளையத்தையும். போதுமா?

— போதும்.

— இரு, டேப்பைக் கொஞ்சம் குறைச்சிட்டு வர்றேன். டாங்க் காலியாச்சுன்னா உங்க அத்தை என்னைக் காலி பண்ணிடுவா.

— போங்க. … இந்த இடுக்குல என்ன இது… மாமா, ஃபோன் கத்துது, எடுத்துட்டு வாங்க. ஜன்னல்ல இருக்கு.

— இந்தா. யாரு?

— உமேஷ்தான் மெசேஜ் போட்டிருக்காரு. 'மேடம், கே.ஆர்.புரம் பிரிட்ஜ் கிட்ட டிராஃபிக். ஸ்வல்ப லேட்.'

— அந்த பிரிட்ஜ்ல மாட்டினா அவ்ளோதான். நீ அவசரப்படாம தேய். எங்க விட்டேன்?

— வளையம்.

— ஆங். பெர்னார்ட் கரையில் ஒரு நொடியும் நிற்கவில்லை. ஐசிங் உருகுமே. வந்த முதல் அலையிலேயே படகைத் தள்ளினான்…

— தப்பு.

— என்ன தப்பு? நடந்ததைச் சொல்றேன்.

— நடந்திருந்தா நீங்க இங்க உக்காந்து பைப் பிடிக்க மாட்டீங்க. முதல்ல கரையில நின்னு பாக்கணும் மாமா. அலை எல்லாம் ஒரே மாதிரி வராது. பெருசு பெருசா சிலது சேந்து வரும், அப்புறம் கொஞ்ச நேரம் அடங்கும். மறுபடி சேந்து வரும். எப்ப அடங்குது, எந்தப் பக்கம் கம்மியா உடையுது, எல்லாம் பாத்துட்டே இருக்கணும். போதும்னு தோணினதுக்கு அப்புறமும் பாக்கணும். அடங்குறப்பதான் கிளம்பணும்.

— சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டு மாதிரி. காத்துட்டே இருந்தா ஒண்ணும் வராது, அப்புறம் மூணு பஸ் ஒட்டிக்கிட்டு வரும்.

— அதேதான்.

— அதுவரைக்கும் கேக் உருகட்டுமா?

— உருகட்டும்.

— கல்நெஞ்சம் உனக்கு. … பெர்னார்ட் கரையில் உட்கார்ந்து அலைகளைப் பார்த்தான். கேக்குக்குக் குடை பிடித்தான். அலைகள் அடங்கியபோது புறப்பட்டான். ஆனாலும் ஒரு பெரிய அலை, கூட்டத்தைத் தவறவிட்ட அலை, தனியாக வந்தது. வீட்டு உயரம். நம் வீடு இல்லை, மாடி எடுத்த வீடு. அதைக் கண்டதும் பெர்னார்ட் கயாக்கைப் பக்கவாட்டில் திருப்பினான்.

— எதுக்கு?

— கேக் பயந்துடுச்சு. அலையைப் பாக்க மாட்டேன்னுச்சு.

— பக்கவாட்டுல திருப்பினா உருட்டித் தள்ளிடும் மாமா. படகோட மூக்கு நேரா அலையைப் பாத்து இருக்கணும். வேகம் வேணும். அந்த நேரத்துல பயந்து துடுப்பை நிறுத்தினா அலை தூக்கிப் பின்னால வீசிடும்.

— நிறுத்தலையே. துடுப்பை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிட்டான்.

— ஏன்?

— சரண்டர்.

— சிரிக்க வைக்காதீங்க, சோப்பு வாய்க்குள்ள போவுது. கையை மேல தூக்கினா தோள் கழண்டுடும். முழங்கை எப்பவும் உடம்போட ஒட்டி இருக்கணும். அலை வர்ற நேரம் முன்னால குனியணும். துடுப்பு படகோட பக்கத்துல நீளவாக்குல இருக்கணும், நெஞ்சுக்குக் குறுக்க பிடிச்சா அலை அதையே தள்ளி மூஞ்சில அடிக்கும். அப்படியே குத்திட்டு அந்தப் பக்கம் போனதும் ஒரு மூச்சுகூட விடாம துடுப்பைப் போடணும். அடுத்தது பின்னாலயே வந்துட்டிருக்கும்.

— எவ்ளோ விவரமா சொல்றே.

— நான் ஒண்ணும் சொல்லலை. உங்க கதையில தப்பு இருக்கு, அவ்ளோதான்.

— தப்புன்னு சொல்லாதே, சத்தியம் பண்ணிருக்கேன். மறதின்னு சொல்லு. … அப்படியே செய்தான். அலையின் வயிற்றைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். கேக்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கப்பலிலிருந்து கயிற்றேணி இறங்கியது. ஏணி வழியே மணப்பெண் வெள்ளைக் கவுனோடு இறங்கி வந்து கேக்கை முத்தமிட்டாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சற்று வருத்தப்பட்டான்.

— பாவம்.

— நல்ல பையன். பம்பாய். மேல் அடுக்கை மட்டும் அவர்கள் பெர்னார்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள், வீட்டில் உள்ளவர்கள் உண்ணட்டும் என்று. அதை முன் குழியில் வைத்துக்கொண்டு… இரு, டேப் சத்தம் மாறுது. பாத்துட்டு வர்றேன்.

— அடிக்கடி போறீங்களே மாமா.

— வயசாச்சு. டேப்புக்கு.

— போய்ட்டு வாங்க. … மாமா, ஃபோன்.

— என்ன, மறுபடி ஃபோனா?

— உமேஷ். 'மேடம், நான் கடல்ல ஓட்டினதே இல்ல. அலையில எப்படிப் போறதுன்னு வந்ததும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க.'

— ஐயோ பாவம். ஒண்ணும் தெரியாத மனுஷன் போலிருக்கே. இவன் கையில குடுக்கலாமாம்மா? பொண்டாட்டி, புள்ளை யாரை முன் சீட்டுல உக்கார வெப்பானோ.

— அது அவரு பாடு மாமா.

— அவன் பாடுதான். நான் ஒண்ணும் சொல்லலை. … திரும்பி வரும்போது பெர்னார்ட் ஓர் அலையின் தலைமேல் ஏறி உட்கார்ந்தான். இலவச சவாரி.

— ஏறக் கூடாது. மூக்கு கீழ குத்திக்கும், போட் குட்டிக்கரணம் அடிச்சிடும். அலை உடையிற இடத்துக்கு வெளியிலேயே நிக்கணும். திரும்பித் திரும்பிப் பாக்கணும். பெருசெல்லாம் போகட்டும்னு விட்டுட்டு, கடைசி அலையோட முதுகுக்குப் பின்னாலயே துரத்திட்டு வரணும். இன்னொண்ணு பின்னாலேர்ந்து தூக்கப் பாத்தா துடுப்பை ரிவர்ஸ்ல போடணும். அது நம்மளைத் தாண்டிப் போயிடும்.

— இதையெல்லாம் பெர்னார்ட் செய்தான். அப்படியும் ஓர் அலை படகைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பிவிட்டது. பெர்னார்ட் கரைப் பக்கம் சாய்ந்தான்.

— எல்லாருக்கும் அப்படித்தான் தோணும், கரைப் பக்கம் சாயணும்னு. சாஞ்சா கவுந்துடும். அலை மேலதான் சாயணும். துடுப்பையும் அலை மேலயே ஊணணும். நம்மளை அடிக்க வர்றவன் மேலயே சாஞ்சுக்கற மாதிரி. ரொம்ப பயமா இருக்கும், ஆனா அதுதான் தாங்கும்.

— கேக் அப்படித்தாம்மா செஞ்சுது. பெர்னார்ட் கரைப் பக்கம் சாஞ்சான், கேக் கடல் பக்கம் சாஞ்சுது. பேலன்ஸ் ஆயிடுச்சு. … அவ்வாறே கரையோரம் வந்து சேர்ந்தார்கள். முழங்கால் அளவு தண்ணீர். படகு இன்னும் பக்கவாட்டில்தான் இருந்தது. அப்பாடா, கரை வந்துவிட்டது என்று பெர்னார்ட் வளையத்தை இழுத்துவிட்டு, கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கரைப் பக்கமாக…

— வேண்டாம்.

— …இறங்கினான்.

— மாமா, போதும்.

— என்னம்மா? இதுலயும் மறதியா?

— இந்த இடுக்குல இன்னும் மணல் இருக்கு. எவ்ளோ தேய்ச்சாலும் வந்துட்டே இருக்கு. அந்த மல்பே மணல். உங்களுக்குத் தெரியும்ல. தெரிஞ்சேதான் கேக்கறீங்க.

— விழுந்துட்டான், தோள்ல அடின்னு மட்டும்தான் நீ சொன்னே. மத்ததை நீ இதுவரைக்கும் சொன்னதில்லையேம்மா.

— எல்லாம் சரியாத்தான் பண்ணோம் மாமா. போனோம், வந்தோம், ஒரு அலைகூட எங்களைக் கவுக்கலை. கடைசியில முழங்கால் தண்ணியில, போட் பக்கவாட்டுல திரும்பிடுச்சு. பாதி தண்ணி ரொம்பி இருந்துச்சு. முன் சீட்டுக்காரங்களுக்குப் பின்னால நடக்கறது தெரியாது. பின் சீட்டுலேர்ந்துதான் சொல்லணும். நான்தான் கத்தினேன். 'கரைப் பக்கம் இறங்கு அமல்'னு.

— ம்.

— ஏரியில நாங்க அப்படித்தானே இறங்குவோம். ரெண்டு வருஷமா ஏரியிலதானே கத்துக்கிட்டோம். ஏரியில கரைப் பக்கம் இறங்கினா கால் தரையில படும், அந்தப் பக்கம் இறங்கினா ஆழம். கை கால் எல்லாம் அப்படியே பழகிடுச்சு. புத்தகத்துல படிச்சிருந்தேன் மாமா, கடல்ல அது தலைகீழ்னு. படகுக்கும் கரைக்கும் நடுவுல நிக்கவே கூடாதுன்னு. படிச்சது வாய்க்கு வரலை. ஏரிதான் வந்துச்சு. அவரு இறங்கினாரு. அடுத்த அலை போட்டைத் தூக்கி அவரு மேலயே போட்டுச்சு. உள்ள இருக்கிற தண்ணி கனம் எல்லாம் சேத்து. எருமை மோதின மாதிரி. தோள்ல சத்தம் கேட்டுச்சு எனக்கு. அவ்ளோ அலைச் சத்தத்துல அது கேட்டுச்சு.

— …டேப்பை மூடிட்டு வர்றேம்மா.

— வேண்டாம். இங்கேயே இருங்க.

— இருக்கேன்.

— தண்ணி போனா போகட்டும்.

— போகட்டும். … அமல் என்கிட்ட வேற மாதிரி சொன்னானே.

— என்னன்னு?

— நீ 'கடல் பக்கம் இறங்கு'ன்னுதான் கத்தினியாம். இவன்தான் காதுல வாங்காம கரைப் பக்கம் குதிச்சானாம். 'சோனியா கரெக்டா சொன்னாப்பா, நான்தான் முட்டாள்'னான். ஆஸ்பத்திரியில, கட்டோட படுத்துட்டு.

— பொய்.

— பொய்யின்னு எனக்கும் தெரியும். சொல்லும்போதே காது ரெண்டும் செவந்துருச்சு. என் ரத்தம்தான், ஆனா திறமை பத்தலை.

— என்கிட்டகூட சொல்லலையே மாமா, உங்ககிட்ட இப்படிச் சொல்லி வெச்சிருக்கேன்னு.

— சொன்னா நீ 'பொய்'னு சொல்லுவே. இப்ப சொன்னியே, அந்த மாதிரி. முகத்தைத் துடைச்சுக்கோ. அது சோப்புத் துணி, கண்ணு எரியும். இந்தா, என் துண்டு.

— உங்களுக்குக் கோவமே இல்லையா? உங்க பையன்.

— கோவம் இருந்துச்சு.

— என் மேலயா?

— ஏரி மேல. ரெண்டு வருஷம் உங்களை ஏமாத்தி வெச்சிருக்கே.

— விளையாடாதீங்க.

— விளையாடலைம்மா. பெங்களூர்ல பொறந்து வளந்த ரெண்டு பேரு, அலையை எங்க பாத்தீங்க? தெரிஞ்சதைத்தான் வாய் கத்தும். அவன் நல்லா இருக்கணும்னுதானே கத்தினே. சாகட்டும்னு கத்தலையே.

— அதுக்காகத்தான் பயமா இருக்கு மாமா. சனிக்கிழமை மறுபடி அவரு முன் சீட்டுல உக்காருவாரு. நான் என்ன சொன்னாலும் அப்படியே செய்வாரு. திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. அந்த முதுகைப் பாத்துக்கிட்டு நான் எப்படி வாயைத் திறப்பேன்? மறுபடி ஏரி வந்துட்டா?

— அதான் விக்கிறியா?

— அதான் விக்கிறேன்.

— சரி. உமேஷ் வந்துட்டே இருக்காரு, வித்துடலாம். அதுக்கு முன்னால பெர்னார்டுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போ.

— கதையை விடுங்க மாமா.

— எப்படி விடறது? முழங்கால் தண்ணியில நிக்குது படகு. பின்னால அலை வருது. இவனும் அல்சூர் ஏரியில படகு விட்டவன்தான். நீ பேசாம இருந்தா கரைப் பக்கம்தான் இறங்குவான்.

— ஏற்கனவே இறங்கிட்டான்னு சொன்னீங்க.

— அது மறதி. இன்னும் இறங்கலை. ஒரு காலை மட்டும் வெளிய வெச்சிருக்கான்.

— மாமா…

— கையில கேக்கு. கண்ணு வேற தெரியலை, உப்புத் தண்ணி. உன் வாயைத்தான் பாத்துட்டிருக்கான்.

— கடல் பக்கம்.

— என்னது? அலைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்கறான்.

— கடல் பக்கம் இறங்கு.

— காது கொஞ்சம் மந்தம் அவனுக்கு.

— கடல் பக்கம் இறங்கு. படகுக்கும் கரைக்கும் நடுவுல நிக்காதே. கடல் பக்கம்.

— எதிர் வீட்டு காந்தா பால்கனிக்கு வந்துட்டா. பரவாயில்ல, அவளும் தெரிஞ்சுக்கட்டும். அப்புறம் என்ன ஆச்சு?

— நீங்க சொல்லுங்க, உங்க கதை.

— எனக்கு மறந்துபோச்சு. நீதான் பக்கத்துல இருந்தே.

— … பெர்னார்ட் கடல் பக்கமாக இறங்கினான்.

— வாசகம் மாதிரியே வருது பாரு.

— குறுக்க பேசாதீங்க. கடல் பக்கமாக இறங்கி, படகின் முனையிலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அலை வந்தது. இடுப்பில் அடித்தது. படகைத் தூக்கியது. பெர்னார்ட் கைப்பிடியை விட்டுவிட்டான். இழுத்துப் பிடித்தால் கை போய்விடும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். படகு தானாகவே கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அவனுக்கும் கரைக்கும் நடுவில் படகு இருந்தது. படகுக்கும் கரைக்கும் நடுவில் யாரும் இல்லை.

— கேக்?

— நனைஞ்சுது.

— உடைஞ்சுதா?

— உடையலை.

— அப்ப அடுத்த தடவை கேக்குக்குப் பதிலா ஆளை உக்கார வெக்கலாம்.

— அவ்ளோ சீக்கிரம் இல்ல மாமா. முதல்ல சின்ன அலையில, கரையோரத்துலயே, இறங்கறது மட்டும். ஏறணும், திரும்பணும், கடல் பக்கம் இறங்கணும். மறுபடி ஏறணும். வாய்க்குத் தானா வர்ற வரைக்கும். அந்த ரெண்டு நாளும் அது மட்டும்தான்னு அமல்கிட்ட கண்டிஷன் போடணும். அந்தப் பக்கம் கப்பலே வந்து நின்னாலும் போகக் கூடாது.

— எந்த ரெண்டு நாள்?

— சனி, ஞாயிறு.

— ஓ.

— என்ன 'ஓ'? பைப்பை இப்படிக் காட்டுங்க. இந்த மணல் மட்டும் போகமாட்டேங்குது.

— விட்டுடும்மா. திரும்பி அங்கதானே போகப் போவுது.

— …மாமா, உமேஷுக்கு நான் என்ன சொல்றது? நம்பி டெம்போ பிடிச்சு வர்றாரு. பிரிட்ஜ் தாண்டியிருப்பாரு இந்நேரம்.

— அவருக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

— அது எப்படி? பாவமில்ல?

— வர மாட்டாரும்மா. … உமேஷ்னு யாரும் இல்ல. அது நான்தான். வாக்கிங் வர்ற ஷங்கரோட ஃபோனை ஒரு வாரத்துக்கு வாங்கி வெச்சிருக்கேன். வாய்ல கர்சீஃபை வெச்சுப் பேசினேன். டேப்புக்குப் போனதெல்லாம் மெசேஜ் அடிக்கத்தான். நீ ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டா வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு தெரியும், அதான்… கோவமா?

— இல்ல மாமா. யாராவது தடுத்தா நல்லாயிருக்கும்னுதான் நானும் இருந்தேன்.

— விளம்பரத்தைப் பாத்துட்டு எனக்கு முன்னால நிஜமாவே எவனாவது ஃபோன் பண்ணியிருந்தா போட் போயிருக்குமே.

— யாரும் பண்ணியிருக்க முடியாது மாமா. நான் விளம்பரமே போடலை, உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்.